ஸ்பேனர் ரோலுடன் ஸ்பிதிக்கு

வியாழன், சென்னை

ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொன்னதும் ஆளுக்கொரு கருவி சொன்னார்கள். ஒருவர் சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார் கப்பியான வின்ச் மாட்டச் சொன்னார். இன்னொருவர் இடுப்புயர ஹை-லிஃப்ட் ஜாக்கி இல்லாமல் மலையேறவே கூடாது என்றார். அலுவலக நண்பர் 150 துண்டு சாக்கெட் பெட்டி தள்ளுபடியில் வந்திருப்பதாக இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினார். நம் பணத்தைச் செலவழிக்க வழி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

மெக்கானிக் அண்ணன் மட்டும் எதையும் வாங்கச் சொல்லவில்லை. "தம்பி, மொதல்ல அட்டையைப் போட்டு அடியில படுங்க. எங்கெங்க நட்டு, என்ன சைஸுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. கடைக்கு அப்புறம் போலாம்" என்றார்.

படுத்தோம். நானும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம். ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்பில் தொடங்கி பின் பட்டையின், அதாவது அடுக்குத் தகடு ஸ்பிரிங்கின், யூ போல்ட் வரை ஒவ்வொன்றாக ஸ்பேனர் வைத்துப் பார்த்து அவன் எழுதிக்கொண்டே வந்தான். 10, 12, 14, 17, 19, 22 மில்லிமீட்டர். சக்கர நட்டு 21. திரும்பத் திரும்ப இந்த எண்கள்தான். என்னுடையதைப் போன்ற ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளில் 13, 16, 18 அநேகமாக வராது. ஐரோப்பிய வண்டிகளில் அவைதான் நிறைய. ஆகவே நண்பர் சொன்ன 150 துண்டுப் பெட்டியில் பாதிக்கு மேல் என் வண்டியில் போட்டுத் திருக இடமே இல்லை. அத்தனையும் சுமந்து 4,500 மீட்டர் ஏறுவானேன்?

அண்ணன் ஒரு கட்டளை போட்டார், நானும் ஒத்துக்கொண்டேன். இந்த வண்டியில் ஒரு நட்டையாவது கழற்றி மாட்டிக் காட்டாத எந்தக் கருவியும் பெட்டிக்குள் போகக் கூடாது.

அதன்படி முதலில் சக்கர நட்டுகள். டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கி வைத்து இறுக்கிவிடுகிறார்கள். வண்டியோடு வந்த சின்ன வீல் ஸ்பேனரை மாட்டி மச்சினன் அதன் மேல் ஏறி நின்றும் நான்கு நட்டுகள் அசையவில்லை. அரை இன்ச் பவர் பார், அதாவது இரண்டடி நீளக் கைப்பிடி, அதில் 21 சாக்கெட். 'டக்' என்று விட்டது. எல்லாவற்றையும் கழற்றி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையால் எதிரெதிராக இறுக்கினோம். இனி வீட்டில் இருக்கும் யாரும் கழற்றலாம்.

அடுத்தது ஸ்டெப்னி. பிக்கப்பில் அது தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். பின் பம்பரில் இருக்கும் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்க வேண்டும். வாங்கியதிலிருந்து அதை யாரும் இறக்கியதில்லை. சேறும் துருவும் கட்டி அசைய மறுத்தது. துருவை இளக்கும் டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடித்து, டீ குடித்து, மறுபடி அடித்து, அரை மணி நேரம் கழித்து முனகிக்கொண்டே இறங்கியது. கழுவிக் கிரீஸ் போட்டு மேலே ஏற்றினோம். நடு மலையில் டயர் கிழிந்து, நல்ல டயர் அடியில் தொங்கிக்கொண்டிருந்தும் இறக்க முடியாமல் நின்றவர்கள் கதையை அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறேன். கருவி என்றால் அந்தச் சுற்றுக்கம்பியும்தான். அதை சீட்டுக்குப் பின்னால் போட்டு மறந்துவிடுவதுதான் வழக்கம்.

சாயங்காலம் அண்ணன் வெள்ளை பெயிண்ட் மார்க்கர் ஒன்றை எடுத்து, ஷாக் அப்சார்பர், யூ போல்ட், பேட்டரி கிளாம்ப், ஸ்டியரிங் ராடு என்று முக்கியமான நட்டுகள் எல்லாவற்றின் மேலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். பாதிக் கோடு நட்டில், மீதி அது உட்காரும் இடத்தில். நட்டு கழன்று திரும்பினால் கோடு ஒடிந்து தெரியும். "தினம் காலையில டார்ச் அடிச்சுக் கோட்டைப் பாருங்க, போதும்" என்றார். அறுபது ரூபாய் சமாச்சாரம்.

வெள்ளி, சென்னை

காலையில் பாரிமுனை, லிங்கி செட்டித் தெரு. இங்கே கருவி வாங்குவதில் ஒரு சுகம் உண்டு. கையில் எடுத்து எடை பார்க்கலாம். டேப்பரியா காம்பினேஷன் ஸ்பேனர்களைச் செட்டாக வாங்காமல் தாளில் இருந்த எண்களை மட்டும் கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "செட்டா எடுத்தா சீப்பு சார்." இருக்கட்டும்.

10, 12, 14 மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கினேன். போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரும் நட்டை இன்னொன்றும் பிடிக்க வேண்டிய இடங்கள் நிறைய. அது போக 10 என்பது தொலைவதற்கென்றே பிறந்த சைஸ்.

மற்றதெல்லாம் வழக்கமானவைதான். அரை இன்ச் ராட்செட், ஒரு நீட்டிப்பு ராடு, கட்டிங் பிளேயர், மூக்குப் பிளேயர், வைஸ் கிரிப், பட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு நல்ல ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ, ஒரு கிலோ சுத்தியல், உளி, பஞ்ச், ஹாக்ஸா பிளேடு. டெஸ்ட் லைட் வாங்கினேன். மல்டிமீட்டர் வீட்டில் இருக்கிறது. ஆறு இன்ச் ஜி கிளாம்ப் மட்டும் அண்ணன் தனியாகச் சொன்னது. "பின்னாடி பட்டை இருக்கிற வண்டி. தகடுகளைக் கோத்து வெச்சிருக்கிற சென்டர் போல்ட் போச்சுன்னா பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்க அது இல்லாம ஆகாது."

மத்தியானம் புதுப்பேட்டை. என் வண்டி எண்ணைச் சொன்னதும் ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், ஹோஸ் கிளிப், ஒரு சென்டர் போல்ட், ஹெட்லைட் பல்பு, ரிலே ஒன்று, ஃபியூஸ் கலந்து ஒரு டப்பா எல்லாம் வந்துவிட்டன. பெல்ட்டை அங்கேயே பழையதன் எண்ணோடு ஒப்பிட்டோம். வீட்டுக்கு வந்ததும் புதிய பெல்ட்டை வண்டியில் மாட்டி, ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றி ஸ்பேராக வைத்தோம். பழையது சரியாக உட்காரும் என்று ஏற்கெனவே நிரூபித்தாயிற்று. மாற்றும் முறையும் எங்கள் கைக்குப் பழகிவிட்டது. டீசல் ஃபில்டருக்கும் அதே கதை. ஃபில்டர் மாற்றியதும் கை பம்பை அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதை முதல் முறை செய்து பார்க்கும் இடம் வீட்டு வாசலாக இருப்பது நல்லது.

வின்ச் வேண்டாம் என்று முடிவு. ஹை-லிஃப்ட் ஜாக்கியும் வேண்டாம். கைப்பிடி வழுக்கினால் தாடையைப் பெயர்க்கும் சாமான் அது, என் வண்டியின் பம்பரில் அதை மாட்ட உறுதியான இடமும் கிடையாது. அதற்குப் பதில் வண்டியோடு வந்த ஜாக்கி ஒன்று, மூன்று டன் பாட்டில் ஜாக்கி ஒன்று. இரண்டுக்கும் கீழே வைக்க ஓரடிச் சதுரத்தில் கனமான மரப்பலகை. இளகிய மண்ணில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே மண்ணுக்குள் இறங்கும். பலகை இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. மரக்கடையில் துண்டாகக் கிடந்ததைச் சும்மாவே கொடுத்தார்கள்.

சனி, சென்னை

இன்று அடுக்கும் வேலை. மாமனார் வீட்டிலிருந்து வந்த பழைய இரும்புப் பெட்டியை நான் ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். அண்ணன் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். இரும்புப் பெட்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் கடகடக்கும், மூலையில் பெயிண்டைச் சுரண்டும், வண்டி சாய்ந்தால் ஆளையே அடிக்கும். அடியில் இருக்கும் 12 வேண்டுமென்றால் மொத்தத்தையும் ரோட்டில் கொட்ட வேண்டும்.

தார்ப்பாய் தைக்கும் கடையில் ரோல் ஒன்று தைத்து வாங்கினோம். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு பாக்கெட், அதன் மேல் மார்க்கரில் எண். விரித்தால் எது இல்லை என்பது காலிப் பாக்கெட்டிலேயே தெரியும். சுருட்டிக் கட்டினால் சத்தம் வராது. தரையில் விரித்தால் அதன் மேலேயே முட்டி போட்டு வேலை செய்யலாம், கழற்றிய நட்டும் மண்ணில் விழாது.

ஆக, மொத்தம் நான்கு மூட்டை. ஸ்பேனர் ரோல் டிரைவர் சீட்டுக்குப் பின்னால். டயர் பை, அதாவது பஞ்சர் சாமான், காற்றுமானி, கம்ப்ரசர், பவர் பார், 21 சாக்கெட், பின் கதவைத் திறந்ததும் கை படும் இடத்தில். ஸ்பேர் பார்ட்ஸ் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில். அதோடு ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட். நான்காவது, இழுவைச் சாமான் போட்ட சாக்கு. கனமானவை எல்லாம் தொட்டியின் அடியில், பின் அச்சுக்கு முன்னால். எல்லாவற்றுக்கும் மேலே ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கம். தீயணைப்பான் மட்டும் முன் சீட்டுக்கு அடியில். தீப்பிடித்தால் பின்னால் ஓடித் தேடும் நேரம் இருக்காது.

மச்சினன் மீதியெல்லாம் ஒரு டப்பாவில் போட்டான். கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், ஜிப் டை, எம்-சீல், துணிக் கிழிசல், கையுறை, தலையில் மாட்டும் டார்ச், ஒரு 501 பார் சோப்பு.

"சோப்பு எதுக்குடா மாப்ள, கை கழுவவா?"

"அண்ணன் வைக்கச் சொன்னாரு மாமா. காரணம் கேட்டா, போற வழியில தெரியும்னாரு."

திங்கள், நாக்பூருக்குத் தெற்கே

ஹைதராபாத் தாண்டி 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தபின் எழுத ஒன்றுமில்லை. ரோடு, டோல், ரோடு. பின்னால் சத்தமே இல்லை என்பதுதான் சேதி.

ராத்திரி சாப்பிட நின்ற தாபாவில் டி.என். 28 லாரி ஒன்று. நாமக்கல். டிரைவர் அண்ணன் டயரைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தார். காற்று குறைந்த டயர் 'டொப்' என்று சொல்லும், சரியாக இருப்பது 'டிங்' என்று எகிறும். பேச்சுக் கொடுத்தேன். எங்கள் மூட்டைகளைப் பார்க்க ஆசைப்பட்டார், பதிலுக்குத் தன் சைடு பாக்ஸைத் திறந்து காட்டினார்.

உள்ளே அதிகமில்லை. ஜாக்கி, இரண்டு மரக்கட்டை, வீல் ஸ்பேனர், அதன் வாலில் மாட்ட நாலடிக் குழாய், லிவர், பெரிய ஸ்பேனர்கள் ஐந்தாறு, கட்டுக்கம்பிச் சுருள், பழைய டியூப்பை வெட்டிய ரப்பர் பட்டைகள், பிறகு பாதி தேய்ந்த சோப்பு.

"சோப்பு எதுக்குண்ணே?"

"டீசல் டேங்க்ல கல்லு பட்டு ஒழுகுச்சுன்னா இதைப் பிசைஞ்சு அழுத்தி வெச்சிருவோம். தண்ணியிலதான் கரையும், டீசல்ல கரையாது. டேங்க் ஈரமா இருக்கறப்ப எம்-சீல் ஒட்டாதுங்க. மொதல்ல சோப்பு வெச்சு ஒழுகறதை நிறுத்தணும், சுத்தித் தொடைக்கணும், அப்புறந்தான் எம்-சீல்."

டியூப் ரப்பருக்கும் பல வேலை சொன்னார். கிழிந்த ஹோஸ் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினால் அடுத்த ஊர் வரை தாங்கும். உரசும் ஒயருக்கு உறை போடலாம். ஒரு பட்டையை வெட்டி எங்களுக்கும் கொடுத்தார். அவர் வண்டியில் கழற்றி மாட்டிய அனுபவம் இல்லாத சாமான் அந்தப் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. எங்கள் மெக்கானிக் அண்ணனின் கட்டளை யாரிடமிருந்து வந்தது என்பது புரிந்தது.

வெள்ளி, ரெக்காங் பியோ

சிவனிக் காடுகளில் விலங்குகள் கடக்க மேலே தூக்கிக் கட்டிய ரோடு, ஆக்ரா வெயில், சண்டிகர் நெரிசல் எல்லாம் போய், நேற்று நார்க்கண்டாவில் ஸ்வெட்டர் போட்டாயிற்று. இன்று ராம்பூரிலிருந்து சட்லெஜ் கூடவே வந்தோம். பாறையைப் பக்கவாட்டில் குடைந்த ரோட்டில் மேலே கூரையும் பாறை, ஒரு பக்கமும் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

கீழே பொவாரி பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பினோம். அடுத்து நிரப்புவது காஸாவில்தான். உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று இங்கே சீக்கிரமே தங்கல். ஜன்னலுக்கு நேரே கின்னர் கைலாஸ் மலை. மச்சினனுக்கு லேசாகத் தலைவலி. எனக்குப் பசி.

ஞாயிறு, தாபோ

நேற்று காப் சங்கமத்தில் சட்லெஜை விட்டு ஸ்பிதி ஆற்றைப் பிடித்தோம். சாம்பல் மலை, சாம்பல் ஆறு, நடுவில் நாக்கோவின் பச்சைத் துண்டு. மல்லிங் நாலாவில், அதாவது மலை ஓடையில், கல் விழுகிறதா என்று ஒருவர் மேலே பார்க்க ஒருவர் ஓட்டினோம். சும்தோவில் காவல் சாவடி, அங்கிருந்து ஸ்பிதி.

இன்று காலை காற்று பார்க்கும்போது பின் இடது டயர் 24. மற்ற மூன்றும் 36.

மேட்டில் காற்று அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை வெயிலில் 35 பிடித்துவிட்டு நாலாயிரம் மீட்டருக்கு மேல் வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் முப்பது டிகிரி குளிர்ந்த காற்று ஏறக்குறைய அதே அளவு குறைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து பழைய எண்ணுக்கே வந்து நிற்கும். மத்தியானம் பாறை சுட்டால் மறுபடி ஏறும். கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால் போதும்.

சரி, பஞ்சர். 501 சோப்பைக் கரைத்துத் தடவினோம். டயரின் நடுக்கோட்டுக்கு அருகே ஒரு கட்டத்தில் குமிழி குமிழியாக நுரை. ரோடு வேலைக்காரர்கள் வெட்டிப் போட்ட கட்டுக்கம்பி, கால் விரல் நீளம், ஏறத்தாழ படுத்த வாக்கில் நுழைந்திருந்தது. ரோட்டில் உருளும் பகுதியில் இருந்ததால் பிழைத்தோம். பக்கச் சுவரில் என்றால் ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் வைத்து ஓட்டக் கூடாது, ஸ்டெப்னிதான்.

பிளேயரால் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனிக்க வேண்டும். ஓட்டையைக் குடையும் ரீமரை அதே சாய்வில்தான் விட வேண்டும்; நேராகக் குத்தினால் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளை அறுத்து இரண்டாவது ஓட்டை போட்டதாகிவிடும். டி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னுமாகக் குடைந்தேன். கம்பிகள் கரகரவென்று உரசும் சத்தம் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கரகரப்பு அடங்கி வழவழப்பாகும்வரை குடைய வேண்டும்.

ரப்பர் சொல்யூஷன் டியூப் சென்னையில் தட்டையாக இருந்தது, இங்கே உப்பிப் பருத்திருந்தது. மூடியைத் திறந்ததும் பாதி மச்சினன் சட்டையில். உயரத்தில் மூடிய சாமான் எதையும் முகத்துக்கு நேரே திறக்காதீர்கள்.

பிசுபிசுவென்ற பழுப்பு ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் நடுவாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, உடம்பின் மொத்த எடையையும் போட்டு உள்ளே அழுத்தினேன். இரண்டு வால்கள் விரலகலம் வெளியே நிற்கும்போது நிறுத்தி, வெடுக்கென்று ஊசியை இழுத்தால் ஸ்ட்ரிப் உள்ளேயே தங்கிவிடும். வாலை ஒட்ட நறுக்காமல் கொஞ்சம் விட்டு வெட்டினேன். ஓடும்போது ரோடே அதைத் தேய்த்துச் சமமாக்கும். மேலே சோப்புத் தண்ணீர். குமிழி இல்லை.

கம்ப்ரசரை பேட்டரியில் நேரடியாகக் கிளிப் போட்டு மாட்டினோம். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் இந்த அளவு மோட்டார் இழுக்கும் மின்சாரத்துக்கு ஃபியூஸ் போய்விடும். சுருக்கமாகச் சொன்னால் இருபது நிமிஷ வேலை. ஆனால் 3,200 மீட்டருக்கு மேல் இருபது நிமிஷம் குனிந்து நிமிர்ந்தால் மாடிப்படி ஓடி ஏறியது போல மூச்சு வாங்குகிறது. ஒருவர் குடைய, ஒருவர் உட்கார என்று மாற்றி மாற்றிச் செய்தோம்.

அதன்பின் தாபோ மடத்துக்குப் போனோம். கி.பி. 996இல் கட்டியது. வெளியே மண் சுவர், உள்ளே இருட்டில் ஆயிரம் ஆண்டு ஓவியங்கள். கையில் இன்னும் சொல்யூஷன் வாடை, எதையும் தொடாமல் வந்தோம்.

திங்கள், காஸா

காலையில் டார்ச் அடித்துக் கோடு பார்க்கும் சடங்கு. வலது பின் ஷாக் அப்சார்பரின் கீழ் நட்டில் கோடு ஒடிந்திருந்தது. கால் சுற்றுக்கும் குறைவு. கையால் ஆட்டினால் ஆட்டமே தெரியாது, ஓட்டும்போது சத்தமும் இல்லை. கோடு மட்டும் சொன்னது. ஒரு ஸ்பேனரால் போல்ட் தலையைப் பிடித்து மறுபக்கம் இறுக்கினோம், பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு.

பேட்டரி கிளாம்ப்பும் தளர்ந்திருந்தது. சலவைக்கல் மாதிரி வரிவரியாக இருக்கும் ரோட்டில் முதலில் போவது அதுதான். பேட்டரியில் கை வைப்பவர்களுக்கு: கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாஸிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் தெரியாத்தனமாக பாடியில் பட்டால் பொறி பறக்கும், ஸ்பேனரே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஏர் ஃபில்டரைத் தட்டினோம், அரைக் கிண்ணம் ஸ்பிதி கொட்டியது.

சாயங்காலம் இங்குள்ள இந்தியன் ஆயில் பங்கில் டீசல். உலகிலேயே உயரமான பங்கு என்று பலகை வைத்திருக்கிறார்கள், 3,740 மீட்டர். எல்லோரும் வண்டியோடு படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். மணாலி வரை இந்த டேங்க் போதும். கேன் கட்டித் தொங்கவிட்டுப் போவதைத் தேவையில்லாத ஜம்பம் என்றே நினைக்கிறேன்.

செவ்வாய், பாதல்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

விடியுமுன்னே காஸாவை விட்டோம். பனி உருகி வரும் நாலாக்கள் காலையில் கணுக்கால் ஆழம், மத்தியானம் வெயில் ஏறினால் முழங்கால். லோசரில் பதிவேட்டில் எழுதியபின் தார் ரோடு பெயருக்குக்கூட இல்லை. டயரை 26க்கு இறக்கினோம். வண்டி துள்ளுவது சட்டென்று குறைந்தது. குன்சம் கணவாயில் கோயிலை வண்டியோடு வலம் வந்து இறங்கினோம்.

இறக்கத்தில் நான்காவது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே ஒரு சின்ன பிக்கப் ஓரமாக நின்றிருந்தது. லோடு முழுக்கப் பச்சைப் பட்டாணி மூட்டை. ஸ்பிதியில் அறுவடைக் காலம், தினமும் இப்படிப் பட்டாணி மணாலிக்கு இறங்குகிறது. பின் சக்கரம் ஒரு பக்கம் பின்வாங்கி, தொட்டியின் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே மச்சினன் "சென்டர் போல்ட், மாமா" என்றான். புதுப்பேட்டையில் கற்ற பாடம்.

டிரைவர் உள்ளூர்ப் பையன், இருபத்தைந்து இருக்கும். பதற்றமே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து கோணியில் சுற்றிய மூட்டையை எடுத்தான். ஜாக்கி, மூன்று ஸ்பேனர், சுத்தியல், பஞ்ச், புது சென்டர் போல்ட். அவ்வளவுதான் அவன் டூல் கிட். "இந்த ரோட்டில் என் வண்டியில் உடைவது இது ஒன்றுதான்" என்று ஹிந்தியில் சொன்னான். நான் வாங்கிய போல்ட் அவன் வண்டிக்குப் பொருந்தாது, அதைக் கேட்கவும் இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது இன்னொரு ஜாக்கி.

சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். எங்கள் பாட்டில் ஜாக்கியைப் பலகை மேல் வைத்து வண்டியின் அடிச்சட்டமான சேஸியைத் தூக்கினோம், பட்டையின் மேலிருந்த பாரம் இறங்கியது. அவன் ஜாக்கி அச்சுக்கு அடியில். யூ போல்ட்டின் நான்கு நட்டுகளிலும் துரு. பவர் பாரை மாட்டினோம், மூன்று விட்டன, நான்காவது விடவில்லை. டபிள்யூ.டி. அடித்து, சுத்தியலால் பக்கவாட்டில் நாலு தட்டு, மறுபடி பார். விட்டது. அவன் எங்கள் பாரைக் கையில் வாங்கி நீளம் பார்த்தான்.

அச்சைக் கொஞ்சம் இறக்கியதும் பட்டைகள் சீட்டுக்கட்டு மாதிரி விலகப் பார்த்தன. ஜி கிளாம்ப் போட்டு இறுக்கினோம். ஒடிந்த போல்ட்டின் அடித்துண்டை பஞ்ச் வைத்துத் தட்டி வெளியேற்றி, துளைகள் நேராகும்வரை கிளாம்ப்பைத் தளர்த்தித் தளர்த்திப் பிடித்தோம். புது போல்ட் கையாலேயே இறங்கியது. பிறகு முக்கியமான இடம்: போல்ட்டின் தலை அச்சில் இருக்கும் குழியில் சரியாக உட்கார வேண்டும். அச்சை ஏற்றுபவன் ஒருவன், லிவரால் நெம்பி முன்னே தள்ளுபவன் ஒருவன், படுத்துக்கொண்டு "இன்னும், இன்னும், நில்" என்று சொல்பவன் ஒருவன். மூன்று பேருக்கும் பொதுவான மொழி அந்த நேரத்தில் கைதான். உட்கார்ந்தது. யூ போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கினோம்.

என் வெள்ளை மார்க்கரால் நான்கு நட்டுக்கும் கோடு போட்டுக் காட்டினேன். பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மார்க்கரைக் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒரு பை நிறையப் பட்டாணி. பச்சையாகவே தின்றோம். அவ்வளவு இனிப்பு.

இதில் நேரம் போனதில் பாதலுக்கு முந்தைய நாலாவில் தண்ணீர் ஏறியிருந்தது. நடுவில் ஒரு டெம்போ டிராவலர், பின் சக்கரம் இரண்டு கற்களுக்கு நடுவில். பயணிகள் கரையில் குளிரில் நின்றார்கள். இழுவைச் சாக்கு முதல் முறையாக வெளியே வந்தது. இதில் இரண்டு வகைப் பட்டை உண்டு. நைலான் பட்டை ரப்பர் போல நீண்டு சுண்டி இழுக்கும், பாலியெஸ்டர் பட்டை நீளாது. சிக்கிய வண்டியைக் கல்லிலிருந்து மெதுவாக நகர்த்தத்தான் வேண்டும், சுண்டினால் அடிப்பாகம் போகும். எனவே பாலியெஸ்டர். பட்டையை மாட்ட, 4.75 டன் என்று முத்திரை குத்திய ஷேக்கிள், அதாவது திருகு பின் போட்ட இரும்பு வளையம். பின்னை முழுதாகத் திருகிக் கால் சுற்று பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பாரத்தில் இறுகிப் பிறகு கழற்ற வராது.

அந்த டிரைவர் பட்டையை பம்பரில் சுற்றப் போனார். தடுத்து, சேஸியில் இருக்கும் இழுவைக் கொக்கியைத் தேடச் சொன்னேன். பம்பரோ, டிரெய்லர் மாட்டும் உருண்டையோ பிய்த்துக்கொண்டு பறந்தால் எதிரே இருப்பவர் உயிர் போகும். பட்டையின் நடுவில் ஈரக் கோணியைத் தொங்கவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னோம். லோ கியரில் மெல்ல இழுத்ததும் ஆடி அசைந்து கரையேறியது. பாட்டிகள் கைதட்டினார்கள்.

பாதல் தாபாவில் ராஜ்மாவும் சோறும். வெளியே சந்திரா ஆறு இரைகிறது. கை விரல் மடங்கவில்லை, இதை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். நெட்வொர்க் கிடைக்கும் இடத்தில் பதிவேற்றம்.

புதன், மணாலி

சத்ரு வழியாக கிராம்பூ. கல்லும் தண்ணீரும், ஆனால் வேடிக்கை ஒன்றும் இல்லை. தார் ரோடு வந்ததும் டயரில் மறுபடி 35. அப்புறம் அடல் சுரங்கப்பாதை. 2020இல் திறந்த, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள வழவழப்பு. நேற்று ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்தை இங்கே ஏழெட்டு நிமிஷத்தில் கடந்துவிட்டோம்.

மத்தியானம் விடுதி முற்றத்தில் ரோலை விரித்தோம். காலிப் பாக்கெட் ஒன்று: 10. இரண்டில் ஒன்று குன்சம் இறக்கத்தில் எங்கோ கிடக்கிறது. எல்லாவற்றையும் துடைத்து லேசாக எண்ணெய் தடவினோம். ஈரத்தில் போன இழுவைப் பட்டையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போட்டிருக்கிறோம். மணல் உள்ளேயே இருந்தால் இழைகளை அறுத்துவிடும்.

தொடாமலே வந்தவை: ஃபேன் பெல்ட், ஹோஸ்கள், டீசல் ஃபில்டர், எம்-சீல், ஹாக்ஸா, ஆலன் கீ. மச்சினன் ஆலன் கீயை அடுத்த முறை விட்டுவிடலாம் என்கிறான். ஹோஸும் பெல்ட்டும் அப்படியே இருக்கும், அதில் பேச்சுக்கு இடமில்லை. கையுறை ஒரு ஜோடி போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். குளிர்ந்த இரும்பை வெறுங்கையால் பிடித்ததில் அவனுக்கு இரண்டு விரலில் தோல் வெடித்திருக்கிறது.

கடைத்தெருவில் 10 ஸ்பேனர் கிடைத்தது, ஸ்ட்ரிப் ஒரு பாக்கெட், சொல்யூஷன் டியூப் ஒன்று. வெள்ளை மார்க்கர் எங்கும் இல்லை. பள்ளிக்கூடச் சாமான் கடையில் வைட்னர் பேனா வாங்கியிருக்கிறோம். காலையில் அதை வைத்துக் கோடு போட்டுவிட்டு, பிரேக் பேடின் தடிமன் பார்த்துவிட்டு மண்டிப் பக்கம் இறங்குகிறோம்.